மொட்டைக் கடிதம் முதல் இணையத் தொல்லை வரை



'பின்தொடர்தல்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் நெடுங்காலமாக நல்ல பொருளே வழங்கி வந்துள்ளது. மாணவன் ஆசானைப் பின்தொடர்ந்தான். தொண்டன் தலைவனைப் பின்தொடர்ந்தான். இன்று திறன்பேசிச் செயலிகளில் ஒருவரின் படங்களைப் பார்க்க அழுத்தும் பொத்தானுக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் 'ஸ்டாக்கிங்' எனப்படும் குற்றத்தையும் நாளிதழ்கள் 'பின்தொடர்தல்' என்றே எழுதுகின்றன. இரைக்குத் தெரியாமல் பதுங்கிப் பதுங்கிச் செல்லும் வேட்டைக்காரனின் நடைக்கு உரிய சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். நாமோ ஆசானுக்கும் வேடனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டோம். மொழி கற்பிப்பவள் என்ற முறையில் இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆதலால் இக்கட்டுரையில் 'தொடர் தொல்லை' என்று குறிப்பிடுகிறேன். தொடர்ந்து வருவது, தொடராக நிகழ்வது என்னும் இரண்டு பொருளும் அதில் அடங்கும். அந்த இரண்டாவது பொருளைக் கற்றுக்கொள்ளத்தான் சட்டத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

அந்த வரலாற்றை மெக்காலேயிடமிருந்து தொடங்க வேண்டும். 1837இல் அவர் தலைமையில் வரையப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு, 1862இல் நடைமுறைக்கு வந்தது. அதையே அச்சாகக் கொண்டு நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஒரு தண்டனைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனவேதான் சென்னை வழக்கறிஞருக்கும் சிங்கப்பூர் வழக்கறிஞருக்கும் பிரிவு எண்கள்கூட நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தன. அவற்றுள் இரண்டு பிரிவுகள் நமக்கு வேண்டியவை.

முதலாவது 507. பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு ஒருவரை மிரட்டினால், மிரட்டலுக்குரிய தண்டனையோடு மேலும் ஈராண்டு வரை சிறை விதிக்கலாம் என்று அது கூறியது. நம்மூரில் 'மொட்டைக் கடிதம்' என்போமே, அதற்கான பிரிவு அது. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் அங்கே பணிபுரிந்த தமிழர், மலையாளிகள் குடும்பங்களில் வந்த முதியவர்களிடம் பேசினால், கல்யாணப் பேச்சைக் கலைக்க வந்த மொட்டைக் கடிதம் பற்றி ஒரு கதையாவது இருக்கும். அக்கதைகளில் நான் கவனித்த ஒன்று உண்டு: பெரும்பாலும் எழுதியவர் யார் என்று வீட்டார் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கையெழுத்து காட்டிக்கொடுக்கும், அஞ்சல் முத்திரை காட்டிக்கொடுக்கும், குடும்பத்துச் செய்தி தெரிந்தவர் நாலு பேர்தானே என்ற கணக்கும் காட்டிக்கொடுக்கும். தீங்கு கொடியதாயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது.

இரண்டாவது 509. ஒரு பெண்ணின் நாணத்தை அவமதிக்கும் நோக்கத்துடன் சொல்லோ சைகையோ செய்வது குற்றம் என்றது அப்பிரிவு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டம் காக்க முனைந்தது பெண்ணின் நாணத்தை. அவளது அச்சத்தையோ உறக்கத்தையோ அன்று. மாலை ஆறு மணிக்குத் தயக்கமின்றிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் உரிமையை அச்சட்டம் நினைத்துப் பார்க்கவில்லை. ஆபாசமான ஒரு சொல் குற்றம். ஆபாசமே இல்லாத ஐந்நூறு செய்திகள் குற்றமல்ல. அன்றைய சட்டம் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடைபோட்டது. தொடர் தொல்லையின் இயல்போ, தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் எடையற்றதாக இருப்பது. 'நலமா?' என்ற ஒரு செய்தியில் என்ன குற்றம்? வேண்டாம் என்று சொன்ன பிறகும், எண்ணை மாற்றிய பிறகும், ஒரே நாளில் அறுபது முறை வரும் 'நலமா?' வேறு.

தொலைபேசிதான் இந்த ஓட்டையை முதலில் உலகுக்குக் காட்டியது. இங்கிலாந்தில் பெண்களை அழைத்து ஒரு சொல்லும் பேசாமல் மௌனமாக இருந்த ஒருவனைப் பற்றிய வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. அவன் எதுவும் பேசவேயில்லை. எந்தச் சொல்லைக் குற்றம் என்பது? மௌன அழைப்புகளால் ஏற்படும் மனநோயும் உடற்காயத்தில் அடங்கும் என்று 1997இல் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில் அந்நாடு தொல்லைக்கு எதிராகத் தனிச்சட்டமும் இயற்றியது. அதற்கு முன்பே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1990இல் தொடர் தொல்லைக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. முந்தைய ஆண்டில் ரெபெக்கா ஷேஃபர் என்னும் இளம் நடிகை தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முகவரியைக் கொலையாளி ஒரு துப்பறிவாளர் மூலம் வாகனப் பதிவு அலுவலகக் குறிப்புகளிலிருந்து பெற்றிருந்தான். ஒருவரின் முகவரி தவறான கைக்குப் போவது எத்தகைய ஆயுதம் என்பதை உலகம் உணர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

தமிழகமும் இதற்கு விலக்கல்ல. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சேட்டைக்கு இரையாகி உயிரிழந்தார். அந்த ஆண்டிலேயே 'ஈவ் டீசிங்' தடைச்சட்டம் வந்தது. 'ஈவ் டீசிங்' என்னும் பெயரே ஒரு விளையாட்டுத்தனமான பெயர். பின்னாளில் அது பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது நன்று.

இணையத்தைப் பொறுத்தவரை சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. நம் ஆசிரியர்களிலேயே பலருக்கு அது தெரியாது. திருமணம் செய்துகொள்ள மறுத்த ஒரு பெண்ணின் பெயரில் ஒருவர் பொய்யான மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, யாஹூ குழுமமொன்றில் அவரைப் பற்றி ஆபாசச் செய்திகளைப் பதிந்தார். முன்பின் அறியாத ஆண்கள் அப்பெண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினர். 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். சென்னை இணையக் குற்றப் பிரிவினர் மும்பை வரை சென்று குற்றவாளியைப் பிடித்தனர். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் கிடைத்த முதல் தண்டனை என்று அது குறிக்கப்படுகிறது. புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஓராண்டுகூட ஆகவில்லை. அந்தப் பெண் வாய்மூடி இருந்திருந்தால் இந்த வரலாறே இல்லை.

ஆயினும் அத்தண்டனை ஆபாசத்துக்கும் அவதூறுக்கும் நாண அவமதிப்புக்கும் உரியது. அதே மனிதர் ஆபாசமின்றி நாள்தோறும் ஐம்பது மடல் அனுப்பியிருந்தால்? அதற்கு விடை இந்தியாவில் 2013இல்தான் வந்தது. நீதிபதி வர்மா குழு அறிக்கையைத் தொடர்ந்து தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354டி பிரிவு, ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்பதையும் அவளது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அது பாரதிய நியாய சம்ஹிதையின் 78ஆம் பிரிவாக உள்ளது. தமிழக அரசும் 2025 ஜனவரியில் தன் 1998 சட்டத்தைத் திருத்தி மின்னணு வழித் தொல்லையை அதில் சேர்த்தது.

இனி நம் சிங்கப்பூர்.

1994இல் சிங்நெட் பொதுமக்களுக்கு இணையத்தைக் கொண்டுவந்தபோது நம்மிடம் இருந்தவை பழைய தண்டனைச் சட்டமும், பொது ஒழுங்கு பற்றிய சில்லறைக் குற்றச் சட்டமுமே. பின்னதில் தொல்லை பற்றிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆனால் அவற்றுக்கு அபராதமே தண்டனை. 2001இல் உயர் நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து விலகிய ஊழியர் அதன் தலைமை நிர்வாகிக்கு மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு என ஓயாமல் தொல்லை கொடுத்தார், வீட்டுக்கும் வந்தார். அவ்வழக்கை விசாரித்த நீதித்துறை ஆணையர் லீ சியூ கின், தொல்லை என்பதே தனியொரு தீங்கு, அதற்காக வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தார். இத்துணை நெருக்கமாக மக்கள் வாழும் தீவில், கைத்தொலைபேசியும் இணையமும் பெருகிய காலத்தில், இப்பாதுகாப்பு தேவை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அடுக்குமாடி வீட்டில் வாழும் எவருக்கும் அந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2013இல், ஒரு காப்புறுதி நிறுவனம் தொடர்ந்த வழக்கில் நீதிபதி சூ ஹான் டெக் அதற்கு மாறாகக் கருதினார்: சிங்கப்பூர்ச் சட்டத்தில் அத்தகைய வழக்குரிமை இல்லை. ஆக, ஒரே நீதிமன்றத்தில் இரண்டு கருத்துகள். பாதிக்கப்பட்டவர் எதை நம்பி வழக்கறிஞரிடம் செல்வது?

அதே 2013இன் டிசம்பரில் மற்றொரு வழக்கு முடிவுக்கு வந்தது. அமெரிக்க ஓபரா பாடகி லியாண்ட்ரா ராம், 2005 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள், தாம் நேரில் கண்டே இராத ஒரு சிங்கப்பூரரிடமிருந்து ஆயிரக்கணக்கான மடல்களையும் மிரட்டல்களையும் பெற்றார். இசை விழா இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு தொடங்கிய அறிமுகம் அது. அவருடைய குடும்பத்தாரையும் அவருடன் பணியாற்றியோரையும்கூட அம்மனிதர் விட்டுவைக்கவில்லை. நியூயார்க்கில் புகார் கொடுத்தால் குற்றவாளி கடல் கடந்து இருக்கிறார். சிங்கப்பூரிலோ தொடர் தொல்லை என்ற பெயரில் ஒரு குற்றமே சட்டத்தில் இல்லை. கடைசியில் நம் காவல்துறை அவரைப் பிடித்தது; நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதித்தது. தண்டனைக்கு அடிப்படையாக அமைந்தது பழைய மிரட்டல் குற்றமே. அவர் மிரட்டாமல் வெறுமனே ஓயாது எழுதிக்கொண்டே இருந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் விடையாக வந்ததுதான் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம். 2014 மார்ச் 13ஆம் நாள் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்ட அமைச்சராக இருந்த திரு கா. சண்முகம் இதைக் கொண்டுவந்தார். 2001 தீர்ப்பு உருவாக்கிய வழக்குரிமையை நீக்கி, அதனிடத்தில் சட்டபூர்வமான வழக்குரிமையை இது அமைத்தது. இதன் 7ஆம் பிரிவு சட்டவிரோதத் தொடர் தொல்லையைக் குற்றமாக்கியது: 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. இந்தியப் பிரிவு பெண்களை மட்டுமே காக்கிறது. நம் சட்டம் பையன்களையும் காக்கிறது. ஆண்பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்வது நலம்.

அப்பிரிவைப் படித்தபோது எனக்கு வியப்பளித்தது, நீதிமன்றம் எவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அது கூறும் முறை. எத்தனை முறை, எவ்வளவு அடிக்கடி, எவ்விதம், எச்சூழலில், பல செயல்கள் கூடியபோது என்ன விளைவு, பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு, உடல்நலம், நற்பெயர், விரும்பியதைச் செய்யும் சுதந்திரம் ஆகியவை என்னவாயின? 1860இல் தனித்தனியே எடைபோட்ட சட்டம் 2014இல் கூட்டல் கற்றுக்கொண்டது. நாணம் என்ற சொல்லும் அங்கே இல்லை. நாணத்துக்குரிய பழைய 509ஆம் பிரிவும் 2020 ஜனவரி முதல் நம் தண்டனைச் சட்டத்தில் அந்த எண்ணில் இல்லை. பாலியல் குற்றங்களோடு சேர்க்கப்பட்டு, இருபாலார்க்கும் பொதுவாகிவிட்டது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. நம் வீடுகள் வந்துள்ளனவா? சென்ற ஆண்டு ஒரு தாயார் என்னிடம் பேசினார். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளுக்கு ஒரு முகமறியாக் கணக்கிலிருந்து இரவெல்லாம் செய்தி வருகிறது; தடுத்தால் வேறு பெயரில் வருகிறது; அவள் அன்று அணிந்திருந்த உடையின் நிறம்கூட அதில் சொல்லப்பட்டிருக்கிறது. "போலீசுக்குப் போனா பிள்ளை பேரு கெட்டுப் போயிடாதா டீச்சர்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அவரைக் குறை கூறவில்லை. நம் சமூகம் அவருக்குக் கற்பித்த கேள்வி அது. ஆனால் அது 1860ஆம் ஆண்டின் கேள்வி. தீங்கு மகளின் நற்பெயருக்கு மட்டும் நேர்வதாக அது எண்ணுகிறது. அந்தப் பிள்ளையோ அதற்குள் தமிழ் மன்றக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். செம்பவாங் எம்ஆர்டி நிலையத்தைத் தவிர்த்துப் பேருந்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். கட்டுரைப் பயிற்சியில் பாதிப் பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. உடை நிறம் தெரிந்தவன் அருகில்தானே இருக்க வேண்டும்? பள்ளியிலா, புளோக்கின் கீழ்த்தளத்திலா, டியூஷனிலா என்று எல்லாரையும் அவள் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தாள். மொட்டைக் கடிதக் காலத்தில் நாலு பேரை ஐயுற்றால் போதும். இப்போது ஊரையே ஐயுற வேண்டியுள்ளது.

பெற்றோர் பலர் செய்யும் அடுத்த காரியம், பிள்ளையின் திறன்பேசியைப் பறித்து வைப்பது. இதில் என் கருத்து கடுமையானது. தொல்லை கொடுத்தவன் கையில் கருவி இருக்க, தொல்லை பட்டவளிடமிருந்து அதைப் பிடுங்குவது எந்த ஊர் நீதி? அடுத்த முறை அவள் நம்மிடம் சொல்லவே மாட்டாள். சான்றும் அத்தோடு போயிற்று.

2014 சட்டம் போதவில்லை என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 2019 மே மாதத்தில் அது திருத்தப்பட்டது. தொல்லை தரும் நோக்கில் ஒருவரின் முகவரி, தொலைபேசி எண், பள்ளி முதலிய விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் குற்றமாயிற்று. ரெபெக்கா ஷேஃபரின் முகவரி கைமாறிய கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காதல் உறவில் உள்ளவரோ முன்பு இருந்தவரோ தொல்லை கொடுத்தால் உச்சத் தண்டனை இரு மடங்கு வரை உயரலாம் என்றும் ஆயிற்று. 2021 ஜூன் முதல் நாளன்று இவ்வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கியது. அவசரப் பாதுகாப்பு ஆணைக்கான மனுவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள், வன்முறை அபாயம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விசாரிப்பது என்பது அதன் இலக்கு.

இத்தகைய சட்டங்கள் விரிந்துகொண்டே போனால் நன்மைதானே என்று சிலர் எண்ணலாம். அப்படியன்று. இந்தியாவின் 66ஏ பிரிவு எரிச்சலூட்டும் செய்தியையெல்லாம் குற்றமாக்கி, அரசியல்வாதிகளைக் கேலி செய்தோரைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது. 2015 மார்ச் 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இலங்கை 2024இல் இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டமும் கருத்துரிமையை நசுக்கும் என்ற கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இங்கும் பொய்ச்செய்தி பற்றிய ஒரு பிரிவைத் தற்காப்பு அமைச்சு தனக்காகப் பயன்படுத்த முயன்றபோது, அப்பிரிவு தனி மனிதர்க்கே உரியது, அரசுக்கு அன்று என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரியில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவளுக்கு வாய் கொடுக்கும் சட்டம் வேறு, பேசுபவனின் வாயை அடைக்கும் சட்டம் வேறு. எல்லை மெல்லியது; ஆனால் இருக்கிறது.

மீதமிருந்த பெரிய ஓட்டை, முகமூடி. யார் என்று தெரியாதவன்மீது பாதுகாப்பு ஆணை பெற்று என்ன பயன்? தளத்தை நடத்தும் நிறுவனமோ வெளிநாட்டில். புகார் எழுதினால் 'எங்கள் விதிகளை இது மீறவில்லை' என்னும் இயந்திரப் பதில். இதற்காகவே இணையப் பாதுகாப்பு பற்றிய புதிய சட்டம் 2025 நவம்பர் 5ஆம் நாள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இணையப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று 2026இன் முற்பாதியில் அமையும் என அரசு அறிவித்தது. முதற்கட்டமாக அது கவனிக்கும் ஐந்து தீங்குகளுள் தொடர் தொல்லையும் ஒன்று. உள்ளடக்கத்தை நீக்கவும் கணக்கைக் கட்டுப்படுத்தவும் தளங்களுக்கு ஆணையிடலாம். வழக்குத் தொடர விரும்புவோர்க்குத் தொல்லை தந்தவரின் அடையாள விவரங்களைப் பெற்றுத்தரவும் வழியுண்டு. முகமூடி கழற்றும் அதிகாரமே இச்சட்டத்தின் உயிர்நாடி என்பேன். ஆயினும் தளங்கள் தம்மிடமே உண்மையான அடையாளம் இல்லை என்று கைவிரித்தால் என்னாகும் என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. தொல்லை தருபவரே பதினான்கு வயதுச் சிறுவராக இருந்தால் நீதிமன்றமா, பள்ளி ஆலோசகரா என்பதும் எளிய கேள்வியன்று. என் அனுபவத்தில் பள்ளிக் குழந்தைகள் விஷயத்தில் பாதிக்கு மேல் இத்தகையவையே.

பெற்றோர்க்குச் சில சொற்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். நாள், நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி திரைப்படம் பிடித்து வையுங்கள். 'வேண்டாம், நிறுத்து' என்று ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டு, பிறகு பதில் எழுதாதீர்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். காவல்துறைக்குச் செல்லத் தயங்குவோர், 2023 ஜனவரியில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் மாதர் அமைப்புகள் இணைந்து இணையத் தீங்குக்கு ஆளானோர்க்கெனத் தொடங்கிய உதவி நிலையத்தை அணுகலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தொலைவு.

ஆசிரியர்களுக்கு ஒரு பாடக்குறிப்பு. அந்த 7ஆம் பிரிவில் எடுத்துக்காட்டுகள் உள்ளன: தனக்குக் கீழ் பணிபுரிபவரின் உடலைப் பற்றி மீண்டும் மீண்டும் மின்னஞ்சல் அனுப்பும் மேலதிகாரி, வேண்டாம் என்ற பிறகும் நாள்தோறும் பூ அனுப்புபவர், சக மாணவியின் அந்தரங்கப் படங்களை வகுப்பில் பரப்புபவர். இவற்றைத் தமிழில் எழுதி உயர்நிலை மாணவரிடம் கொடுத்து, எவை குற்றம் என்று கேட்டேன். முதலாவதிலும் மூன்றாவதிலும் ஐயமில்லை. பூவில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "நம்ம படத்துல ஹீரோ அதைத்தானே டீச்சர் செய்றாரு?" என்றான் ஒருவன். மாணவிகள் சிரித்தனர், பின் ஒருத்தி சிரிக்காமல் கேட்டாள், எத்தனை முறைக்குப் பிறகு அது குற்றம் என்று. இரண்டு முறை என்றேன்; விடாமல் நீண்டு நடந்தால் ஒரு முறையே போதும். அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.